சாந்தமும் நிலமும்

மலைப்பிரசங்கம் என வழங்கும் யேசுவின் போதனை மத்தேயுவின் சுவிசேஷத்தில் ஐந்தாம் அதிகாரத்திலே தொடங்குகின்றது. அதன் முகப்பில் வரிசையாக நிற்கும் பேறுகளுள் ஒன்று, சாந்தகுணமுடையோரைப் பேறுபெற்றோர் எனக் கூறிப் பூமி அவர்களுக்கு உரிமையாகும் என வாக்களிக்கின்றது. சமய நூல்களிற் காணப்படும் வாக்குகளுள், ஆளுவோர்க்கு இத்துணை உவப்பானதும் ஆளப்படுவோர்க்கு இத்துணை ஏமாற்றமளித்ததுமாகிய பிறிதொன்றைக் காண்பது அரிது. தேவாலயத்தின் முன்வரிசையில் அமர்ந்திருப்பவனிடம் பூமி ஏற்கெனவே உண்டு. பின்வரிசையில் நிற்பவனிடம் சாந்தம் ஏற்கெனவே உண்டு. முன்னவனிடம் எவரும் சாந்தத்தைக் கேட்பதில்லை. பின்னவனுக்கு எவரும் பூமியைக் கொடுப்பதுமில்லை. பத்தொன்பது நூற்றாண்டுகளுக்கு மேலாக இவ்வாக்கு ஓதப்பட்டு வந்திருக்கின்றது. வாக்கே பொய்யா, அன்றி அதனைப் பொருள்கொண்ட முறை பொய்யா என்பதையே இங்கு ஆராய விரும்புகின்றோம்.

முற்போக்கு எண்ணமுடையோர் பலர் இவ்வினாவுக்கு நெடுங்காலத்துக்கு முன்பே விடை கூறிவிட்டனர். 1847இல் பிரஸெல்ஸ் நகரில் வெளிவந்த ஜேர்மன் பத்திரிகையொன்றிலே கார்ல் மார்க்ஸ், கிறித்தவத்தின் சமூகக் கோட்பாடுகள் ஒடுக்கப்பட்டோர்க்குக் கோழைமையையும் தன்னிழிவையும் கற்பிப்பன என்றும், தொழிலாளி வர்க்கத்துக்கோ உணவினும் தன்மானம் இன்றியமையாதது என்றும் சாடினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1887இல், முற்றிலும் எதிர்த்திசையிலிருந்து நீட்சே தாக்கினார். அவர் பார்வையில் இத்தகைய குணங்கள், பழிவாங்க வலுவற்ற அடிமைகள் தம் இயலாமைக்குச் சூட்டிய அழகிய பெயர்கள். அப்பெயர்களைக் கொண்டே அவர்கள் உயர்ந்தோரின் விழுமியங்களைக் கவிழ்த்துவிட்டனர் என்பது அவரது குற்றச்சாட்டு. ஒருவர் அடிமையின் பக்கம் நின்று சினந்தார். மற்றவர் எசமானின் பக்கம் நின்று அருவருத்தார். ஆயினும் சாந்தமெனப்படுவது குனிந்து கொடுத்தலே என்பதில் இருவர்க்கும் கருத்து வேற்றுமையில்லை. நிறுவனமாகிவிட்ட திருச்சபையும் பெரும்பாலும் அதற்கு உடன்பட்டே வந்திருக்கின்றது என்பதுதான் வேடிக்கை. ஒருவரையொருவர் வெறுக்கும் மூவர் ஒரே பொருளைக் கூறுவார்களாயின் அதனைச் சற்று ஐயுற்று நோக்குவது நலம்.

வாக்கின் முற்பாதியைப் பற்றியே யாவரும் பேசியுள்ளனர். பிற்பாதியை ஊன்றி நோக்கியோர் சிலரே. அதே பேறுகளின் வரிசையில் விண்ணரசு வாக்களிக்கப்படுவோர் வேறாக உளர். சாந்தகுணமுடையோர்க்கு வாக்களிக்கப்படுவது பூமி. இதனை யேசு புதிதாகப் புனைந்தாரல்லர். முப்பத்தேழாம் சங்கீதத்திலிருந்து எடுத்தாண்டார். எபிரேய நெடுங்கணக்கின் எழுத்து வரிசைப்படி அமைந்த அப்பாட்டு, நிலத்தை உரிமையாகப் பெறுதல் என்னும் தொடரை ஐந்து முறை திரும்பத் திரும்பச் சொல்கின்றது. அப்பாட்டில் வரும் தீயோர் வெறுமனே மனத்தளவில் தீயோர் அல்லர். அவர்கள் கடன் வாங்கித் திருப்பிக் கொடாதவர்கள்; ஏழையை வீழ்த்துவதற்கு வாளை உருவி வில்லை வளைப்பவர்கள். யாருடைய நிலம் யாரிடம் போயிற்று என்ற வழக்கின் நடுவே எழுந்த பாட்டு அது. பூமி என நாம் மொழிபெயர்க்கும் எபிரேயச் சொல் 'எரெட்ஸ்' என்பது. உலகம் முழுவதையும் அது குறிக்கும். ஒருவன் காலூன்றி நிற்கும் நாட்டையும் நிலத்தையும் குறிக்கும். வேதசாத்திரி அதனைக் கேட்கும்போது உலகம் நினைவுக்கு வரலாம். குத்தகைக்காரன் கேட்கும்போது அவனுக்கு நினைவு வருவது வயலே.

இனி, சாந்தகுணமுடையோர் என்ற சொல்லுக்கு வருவோம். சங்கீதத்தில் நிற்கும் எபிரேயச் சொல் 'அனாவீம்'. வளைக்கப்படுதல், ஒடுக்கப்படுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது அது. ஏழை எனப் பொருள்படும் 'அனீ' என்ற சொல்லுக்கு உடன்பிறப்பு. ஒருவனுடைய குணத்தைச் சொல்லுமுன்னர் அவனுக்கு நேர்ந்ததைச் சொல்கின்ற சொல் அது. முதுகு வளைந்திருப்பது அவன் இயல்பினாலன்று. யாரோ அதன்மேல் ஏறி அமர்ந்திருப்பதனால். கிறித்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் அலெக்ஸாந்திரியாவில் இந்நூல்கள் கிரேக்கத்துக்கு மாற்றப்பட்டபோது, இவ்விடத்தில் 'பிராயஸ்' என்ற சொல் பன்மை வடிவிலே இடப்பட்டது. சாந்தமானவர் என்பது அதன் பொருள். ஆனால் அதே எபிரேயச் சொல் ஏசாயாவின் அறுபத்தோராம் அதிகாரத்தில் வரும்போது, கிரேக்க மொழிபெயர்ப்பு 'ஏழைகள்' என்றே எழுதியது. நாசரேத்தின் செபக்கூடத்தில் யேசு எழுந்து வாசித்ததாக லூக்கா கூறும் பகுதி அதுவே. ஆகவே, ஏழைகளுக்கு நற்செய்தி என்பதும் சாந்தகுணமுடையோர்க்குப் பூமி என்பதும் ஒரே சொல்லின் இரு மொழிபெயர்ப்புகளின் மேல் நிற்கின்றன. ஒன்றில் வறுமை தெரிகின்றது. மற்றதில் வறுமை மறைந்து குணம் மட்டும் எஞ்சுகின்றது. ஒரு சமூக நிலை ஒரு தனிமனிதப் பண்பாக மாறிய இடம் இதுவெனக் கொள்ளலாம். மொழிபெயர்த்தோர்க்கு அவ்வாறு மாற்றும் நோக்கம் இருந்ததென நாம் கூறவில்லை. பின்வந்தோர்க்கு அம்மாற்றம் மிக வசதியாக அமைந்தது.

தமிழிலே இது மேலும் ஒருபடி சென்றது. சாந்தம் என்றவுடன் நம்மவர்க்கு நினைவு வருவது நவரசங்களுள் ஒன்று. அல்லது மரத்தடியிற் கண்மூடி அமர்ந்திருக்கும் முனிவரின் முகம். உண்டு உடுத்து ஆசையொழிந்தவனின் அமைதி அது. வரிக்கும் வட்டிக்கும் அஞ்சி நிற்பவனின் நிலையன்று. பிற்காலக் கத்தோலிக்க மொழிபெயர்ப்பு 'கனிவுடையோர்' என்கின்றது. முதுகு வளைந்து நின்றவன் இவ்வாறாகக் கனிந்தே போய்விட்டான்! ஆயின் பழைய மொழிபெயர்ப்பிலே ஒரு நற்பேறும் உண்டு. தந்தைவழிச் சொத்தைப் பெறுதல் என்ற பொருளில் 'சுதந்தரித்தல்' என்ற வினையை அது ஆள்கின்றது. இன்றைய மாணவர் அதனை வாசிக்கையில் 'சுதந்திரம்' என்றே கேட்கின்றனர். சொல்லாராய்ச்சியின்படி இது மயக்கமாகலாம். பொருளின்படி அத்துணை பெரிய பிழையன்று.

இவ்வினைச்சொல்லைச் சற்று நின்று நோக்கவேண்டும். பிரசங்கங்களில் இவ்வாக்கு பெரும்பாலும் ஒரு வெகுமதியாகவே விளக்கப்படுகின்றது: அடங்கி நடந்த பிள்ளைக்கு ஆண்டிறுதியிற் பரிசு. ஆனால் பரிசைப் 'பரம்பரை உரிமையாகப் பெறுதல்' என எவரும் சொல்வதில்லை. உரிமைச் சொத்து நன்னடத்தைக்குக் கூலியாகக் கிடைப்பதன்று. பிறப்பினாலேயே தனக்குரியதாய், இடையில் வேறொருவன் கையிற் சிக்கிக்கிடந்ததை மீளப் பெறுவதற்கே அச்சொல் பொருந்தும். லேவியராகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம் இதனைச் சட்டமாகவே வகுத்தது. நிலத்தை எக்காலத்துக்குமாக விற்றல் கூடாது; ஐம்பதாம் ஆண்டிலே விற்கப்பட்ட நிலம் பழைய குடிகளிடம் திரும்பவேண்டும்; கடனுக்காக அடிமைப்பட்டவன் தன் வீடு திரும்பவேண்டும். அச்சட்டம் முழுமையாக நடைமுறைப்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் தன் புனித நூலில் அதனை எழுதிவைத்தது என்பதே, நிலம் சிலரிடம் குவிவதை அது அநீதியாகக் கண்டது என்பதற்குச் சான்று. வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டு போவோரை ஏசாயா சபித்ததும் இதன்பாற்பட்டதே.

அரசர்களின் முதலாம் புத்தகத்தில் வரும் நாபோத்தின் கதை ஆசிரியர்களும் மாணவர்களும் நினைவிற் கொள்ளவேண்டியது. அரண்மனைக்கு அருகில் அவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. ஆகாப் அரசன் அதனைக் கீரைத் தோட்டமாக்க விரும்பி, அதனினும் நல்ல தோட்டத்தையோ விலைப்பணத்தையோ தருவதாகக் கூறினான். சந்தை நியாயப்படி நேர்மையான பேச்சே. நாபோத்து, இது என் முன்னோரின் உரிமை நிலம், தரமாட்டேன் என்றான். அவ்வளவே. அவன் வாளெடுக்கவில்லை, கூச்சலிடவுமில்லை. அரசி யேசபேல் பொய்ச்சாட்சிகள் இருவரை ஏற்பாடு செய்தாள். கடவுளையும் அரசனையும் பழித்தான் என்ற குற்றத்தின்மேல் அவன் கல்லெறிந்து கொல்லப்பட்டான். அரசன் தோட்டத்தைக் கைப்பற்றச் சென்றான். விவிலியம் காட்டும் சாந்தத்துக்கு உருவம் வேண்டுமாயின் நாபோத்தை விடப் பொருத்தமானவன் இல்லை என்போம். மென்மையாகப் பேசினான், ஆனால் இணங்கவில்லை. அவனுடைய சாந்தம் அவனைக் காப்பாற்றவில்லை என்பதையும் அந்நூல் மறைக்கவில்லை.

யேசு இப்பழைய வாக்கை எடுத்துரைத்த கலிலேயாவிலும் நிலைமை வேறன்று. ஏரோது அந்திப்பா அங்கு ஆட்சிசெய்தான், செப்போரிஸ் நகரைப் புதுப்பித்தான், கி.பி. 20ஐ அண்டித் திபேரியா நகரை எழுப்பினான். நகரங்களை எழுப்பும் பணம் எங்கிருந்து வரும் என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை. யேசுவின் உவமைகளில் நடமாடும் மாந்தரைக் கவனித்தாற் போதும்: குத்தகைக்காரர், கடனாளிகள், தூரதேசம் போயிருக்கும் நிலவுடைமையாளர், எவரும் கூலிக்கு அமர்த்தாமையால் மாலை வரை சந்தையில் நின்ற தொழிலாளர். அவருக்குப் பின் ஒரு தலைமுறைக்குள், கி.பி. 66இல், எருசலேமிற் கிளர்ச்சி வெடித்தபோது, கடன் பத்திரங்கள் இருந்த களரியைக் கிளர்ச்சியாளர் எரித்தனர் என யோசேப்பஸ் எழுதுகின்றார். மலைமேல் அமர்ந்து அவ்வாக்கைக் கேட்டவர்களின் பிள்ளைகள் அக்கூட்டத்தில் இருந்திருக்கக்கூடும். அவர்களுக்குப் பூமி என்பது எதுவெனத் தெரிந்தேயிருந்தது.

சாந்தம் என்றால் செயலின்மை என்ற கொள்கைக்கு விவிலியத்தின் மாந்தரே மாறாக நிற்கின்றனர். பூமியிலுள்ள மனிதர் எல்லாரினும் சாந்தமானவன் என அந்நூல் போற்றுவது மோசேயை. அவனோ அடிமையை அடித்த எகிப்தியனைக் கொன்றவன். பார்வோன் முன் நின்று தன் மக்களை விடுவிக்குமாறு கேட்டவன். சினந்து கற்பலகைகளை உடைத்தவன். புதிய ஏற்பாட்டில் 'பிராயஸ்' என்ற சொல் நான்கே இடங்களில் வருகின்றது. அவற்றுள் இரண்டு யேசுவையே குறிப்பன. கழுதைமேல் சாந்தமுள்ள அரசனாக அவர் எருசலேமில் நுழைவதை மத்தேயு இருபத்தோராம் அதிகாரத்திற் சொல்கின்றார். அடுத்த சில வசனங்களிலேயே, அதே அதிகாரத்தில், ஆலயத்தின் காசுக்காரர்களுடைய மேசைகள் கவிழ்கின்றன. விசாரணையின்போது காவலன் ஒருவன் அறைந்தபோது, நான் கூறியது தவறெனில் அதனைக் காட்டு, இல்லையேல் ஏன் அடித்தாய் என யேசு கேட்டதாக யோவான் எழுதுகின்றார். மறுகன்னத்தைக் காட்டச் சொன்னவர் அங்கு கேள்வியையே காட்டினார்.

கிரேக்கச் சொல்லின் வரலாறும் இதற்கு இசைகின்றது. குதிரையேற்றம் பற்றி எழுதிய ஸெனபன், நன்கு பழக்கப்பட்ட குதிரைக்குட்டியை இச்சொல்லாற் குறித்தார். அரிஸ்டோட்டில், சினத்தின் மிகைக்கும் குறைக்கும் இடைப்பட்ட நடுநிலையை இதே பெயரால் அழைத்தார். சினக்கவேண்டிய பொருளின்மேல், சினக்கவேண்டியவர்மேல், சினக்கவேண்டிய அளவிற் சினப்பவனே அவர் கருத்திற் சாந்தமுடையவன். தனக்கும் தன்னைச் சேர்ந்தோர்க்கும் இழைக்கப்படும் அவமானத்தைச் சகித்திருத்தல் அடிமைத்தனம் என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். அடிமை முறையை நியாயப்படுத்திய ஒருவர் வாயிலிருந்து இது வந்தது என்பது வேறு கதை.

அங்ஙனமாயின் குனிதல் எங்கிருந்து வந்தது? அதன் வித்தும் விவிலியத்திலேயே உண்டு என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ளவேண்டும். பேதுருவின் முதலாம் நிருபம், கொடிய எசமானர்க்கும் கீழ்ப்படிக என வேலைக்காரர்க்குக் கற்பிக்கின்றது. ஆயினும் பூமி கையைவிட்டுப் போனது பின்னரே. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஒகஸ்தீன் மலைப்பிரசங்கத்துக்கு உரை எழுதியபோது, சாந்தகுணமுடையோர் பெறும் பூமி வாழ்வோரின் நிலம், நிலையான விண்ணக உரிமை என்றார். ஏறத்தாழ அதே காலத்தில் அந்தியோக்கியாவிற் பிரசங்கித்த கிறிசோஸ்தம் அத்தகைய விளக்கத்தை மறுத்தார். உருவகமான பூமி எதனையும் வேதத்தில் எங்கும் காணவில்லை, இது மெய்யான பூமியே என்பது அவர் துணிபு. செல்வரின் ஆடம்பரத்தைக் கண்டித்த அவர் பின்னர் கொன்ஸ்தாந்திநோப்பிளின் ஆயரானார். அரண்மனையின் பகையைத் தேடிக்கொண்டார். நாடுகடத்தப்பட்டு 407இல் இறந்தார். மேற்குலகில் வென்றது ஒகஸ்தீனின் உரை. பேரரசின் சமயமாகிவிட்ட ஒரு சமயத்துக்கு வேறெவ்வுரை பயன்பட்டிருக்கும்?

எசமானர்கள் இவ்வாக்கை எவ்வாறு வாசித்தனர் என்பதற்கு 1807இல் இலண்டனில் அச்சான ஒரு நூலைப் போல் தெளிவான சான்று வேறில்லை. பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகளின் நீக்ரோ அடிமைகளின் பயன்பாட்டுக்காகத் தெரிந்தெடுக்கப்பட்ட வேதபாகங்கள் என்பது அதன் தலைப்பு. அடிமையாய் விற்கப்பட்டும் எசமானுக்கு உண்மையாய் உழைத்த யோசேப்பின் கதை அதில் உண்டு. மோசே மக்களை எகிப்திலிருந்து விடுவித்த கதை இல்லை. சங்கீதங்கள் முழுவதும் இல்லை. ஆகவே நிலத்தைப் பற்றிய அம்முப்பத்தேழாவதும் இல்லை. விவிலியம் அடிமைக்குப் பணிவை மட்டுமே போதிப்பதாயின், கத்தரிக்கோலுக்கு அங்கு வேலையென்ன? மார்க்சும் நீட்சேயும் கவனியாததை அக்கத்தரிப்புக்காரர்கள் கவனித்திருந்தனர்.

கத்தரியாத விவிலியத்தை வாசித்த அடிமைகளும் இருந்தனர். யமேக்காவில் பாப்திஸ்த சபையின் உதவிக்குருவாகிய சாமுவேல் ஷார்ப் அவர்களுள் ஒருவர். 1831இன் நத்தார்ப் பண்டிகை முடிந்தபின் கூலி தராவிடில் வேலைக்குத் திரும்புவதில்லை என்பதே அவர் வகுத்த திட்டம். இன்று நாம் வேலைநிறுத்தம் என்போம். டிசம்பர் 27ஆம் நாள் கரும்புத் தோட்டங்களில் தீ எழுந்தது. அமைதியாய்த் தொடங்கவேண்டியது கிளர்ச்சியாயிற்று. வெள்ளையருள் 14 பேர் இறந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டபின் தூக்கிலிடப்பட்டும் சுடப்பட்டும் தண்டனையாக மாண்ட அடிமைகள் 300க்கு மேற்பட்டோர். ஷார்ப் 1832 மே 23இல் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதனோடு இரண்டு கோடிப் பவுணை நட்டஈடாகவும் ஒதுக்கியது. நட்டஈடு பெற்றோர் அடிமைகளை வைத்திருந்தோர். அடிமைகளாயிருந்தோர்க்குப் பணமுமில்லை, நிலமுமில்லை.

இவ்வரலாறு நம் நாட்டு மலைகளில் வந்து முடிகின்றது. விடுதலை பெற்றோர் மேற்கிந்தியத் தோட்டங்களை விட்டு அகன்றபோது அங்கு கோப்பி உற்பத்தி வீழ்ந்தது. முதல் இலங்கையின் மலைநாட்டை நாடியது. 1840இன் பன்னிரண்டாம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத கண்டிக் குடியானவரின் காடுகளையும் சேனைகளையும் முடிக்குரிய நிலமாக்கித் தோட்டக்காரர்க்கு விற்க வழிசெய்தது. அந்நிலத்திற் பாடுபடத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். 1854இல், தோட்டத் துரைமாரின் பொருளுதவியோடு, அத்தொழிலாளரிடையே பிரசங்கிக்கத் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியது. அதில் உழைத்த உபதேசிமார் பலர் நல்லெண்ணத்தோடு எழுத்தறிவும் ஊட்டியிருப்பர். அதனை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் சந்தாப் பணம் கொடுத்தவர் பூமியை உடையவர். போதனையைக் கேட்டவர் அப்பூமியில் ஓரங்குலமும் இல்லாதவர். தொழிலாளருட் பெரும்பாலோர் சைவராகவே இருந்தனர் என்பதும் உண்மை. அவர்களைச் சாந்தமாக வைத்திருக்க வேதாகமம் வேண்டியிருக்கவில்லை. தலைவிதியும் முன்வினையும் அப்பணியைச் செவ்வனே செய்தன. 1948இல் அவர்களுட் பெரும்பாலோரின் குடியுரிமை மறுக்கப்பட்டது. 1972லும் 1975லும் நிலச் சீர்திருத்தங்கள் வந்து தோட்டங்கள் அரசுடைமையானபோதும் நிலம் அவர்களிடம் வரவில்லை. இன்றும் பல குடும்பங்கள், உறுதிப் பத்திரமற்ற லயன் அறைகளிலேயே வாழ்கின்றன.

இங்கேதான் அறவியல் வினா கூர்மையடைகின்றது. வாக்கு நிலத்தைப் பற்றியதே என நிறுவிவிட்டாற் போதுமா? முப்பத்தேழாம் சங்கீதம் நிலத்தை வாக்களிப்பதோடு, சினத்தை விடு, பொறுத்திரு எனவும் சொல்கின்றது. அப்பாடகர் தம்மை முதியவர் எனக் கூறி, நீதிமான் கைவிடப்பட்டதையோ அவன் பிள்ளைகள் இரந்துண்டதையோ தாம் கண்டதில்லை என்கின்றார். பஞ்சம் ஒன்றையேனும் கண்ட எவரும் இதனை நம்புவது கடினம். அவர் எந்த ஊரில் முதுமையடைந்தாரோ! பொறுமையின் விலையைச் செலுத்துவது பொறுமையைப் போதிப்பவனல்லன். ஒரு தலைமுறை பொறுத்திருந்தால், இழப்பு அத்தலைமுறையின் பிள்ளைகளுடையது. மார்க்சின் சினம் இவ்விடத்திலே முற்றிலும் நியாயமானது; சொல்லாராய்ச்சி எதுவும் அதனைத் தணித்துவிடாது.

ஆயினும் மேலிருந்து கேட்கப்படும் சாந்தமும் கீழிருப்போர் தாமே தெரிந்துகொள்ளும் சாந்தமும் ஒன்றல்ல. முன்னையது அடக்குமுறையின் மலிவான வடிவம். பொலிசுக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்துவது. பின்னையது போராடுவோர் தமக்குத்தாமே விதித்துக்கொள்ளும் கட்டுப்பாடு. எதிரியின் அநீதியை வெறுத்தும் எதிரியின் இடத்திலே தான் அமர விரும்பாதிருத்தல் அது. நிலத்தை மீட்டவன் அடுத்த நாளே வேலியடைத்து அயலானைக் கூலியாக்கினால், வளைந்த முதுகுகளின் எண்ணிக்கை குறையப்போவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் புரட்சிகளைக் கற்கும் இடதுசாரிகளுக்கு இது வெறும் கற்பனையான அச்சமன்று. வென்றபின் சினத்தை எங்கே வைப்பது என்ற வினாவை, வெல்லுமுன்னரே கேட்டுக்கொள்வோர் நம்மிடையே மிகச் சிலர்.

இவ்விரண்டையும், அதாவது நிலத்தைக் கோருவதையும் கையோங்காதிருப்பதையும், ஒருங்கே செயலிற் சோதித்துப் பார்த்த ஒரு கூட்டத்தாரைக் காண இங்கிலாந்துக்கு, ஷார்ப்பின் காலத்துக்கும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்னே, செல்லவேண்டும். 1649 சனவரியில் முதலாம் சாள்ஸ் மன்னன் சிரச்சேதம் செய்யப்பட்டான். உள்நாட்டுப் போரினாலும் விளைச்சற் கேட்டினாலும் உணவு விலை ஏறியிருந்தது. ஏப்ரல் முதலாம் நாள், சறே மாகாணத்தில், சென் ஜோர்ஜ் குன்று எனப்படும் பொதுநிலத்திற் சில ஏழைகள் மண்வெட்டியோடு ஏறிக் கரட், பாசினிப்பு, அவரை முதலியவற்றைப் பயிரிட்டனர். தோண்டுவோர் என்ற பெயர் அவர்களுக்கு வந்தது. அவர்களுள் எழுத வல்லவர் ஜெராட் வின்ஸ்ரன்லி. இலண்டனில் துணிவணிகம் செய்து நொடித்துப்போய், நாட்டுப்புறத்தில் மாடு மேய்த்தவர். பூமி யாவர்க்கும் பொதுவான களஞ்சியம். ஏழைகள் அதனை உரிமையாகப் பெறுவர் என்ற வேதவாக்கு மெய்யாகவே, பொருள்வடிவிலேயே நிறைவேறவேண்டும் என்பது அவர் கொள்கை. நிலவுடைமையாளரின் வேலிகளைப் பிடுங்கவும் அவர்கள் முயலவில்லை. தரிசாய்க் கிடந்த பொதுநிலத்தைத் தம் உழைப்பாற் பண்படுத்துவதே போதும், அதனைக் கண்டு பிறரும் வருவர் என நம்பினர்.

அவர்களுடைய சாந்தத்தில் ஐயமில்லை. அடித்தபோது திருப்பி அடிக்கவில்லை. பயிரை மிதித்து அழித்தபோது மீண்டும் விதைத்தனர். புரட்சிப்படையின் தளபதி பெயர்பாக்ஸ் நேரில் வந்து பார்த்து, தீங்கற்றோர் எனக் கண்டு திரும்பினார். தீங்கற்றோர் என அண்டை நிலக்கிழார் கருதவில்லை. அவர்கள் வழக்குத் தொடுத்தனர்; ஆள்களை ஏவினர். அவ்வாண்டின் ஓகஸ்ற்றில் தோண்டுவோர் கொப்ஹம் என்ற அயலூர்ப் பொதுநிலத்துக்கு நகர்ந்தனர். அங்கு அவர்களை எதிர்த்தோரின் தலைவர் ஜோன் பிளாற் என்பவர். அவர் நிலக்கிழார் மட்டுமல்லர், குருவானவருங்கூட. 1650 ஏப்ரலில் அவருடைய ஆள்கள் குடிசைகளுக்குத் தீயிட்டனர். பேறுகளின் வரிசையைப் பலமுறை ஓதியிருக்கவேண்டிய ஒருவரின் ஏவலால் அவர்கள் நிலத்திலிருந்து துரத்தப்பட்டனர்.

முயற்சி ஓராண்டே நிலைத்தது. அவர்கள் சாந்தமாக இருந்தமையாலா தோற்றனர்? அவ்வாறு கூறுவது எளிது. ஆனால் வாளேந்திய ஜேர்மானிய விவசாயிகளும், ஒரு நூற்றாண்டு முன்னர், 1525இல், பிராங்கன்ஹவுசனில் அதனினும் கொடிதாகத் தோற்றனர். அவர்களோடு நின்ற போதகர் தோமஸ் முன்சர் தலை துண்டிக்கப்பட்டார். சாந்தத்தை விட்டுவிட்டால் வெற்றி உறுதி என வரலாறு எங்கும் சான்று தரவில்லை. தோண்டுவோர் தனித்து நின்றனர் என்பதே நம் கருத்து. பிற மாகாணங்களில் அவர்களைப் பின்பற்றிய சிறு குழுக்கள் எழுந்து விரைவில் மறைந்தன. நகரத்துத் தொழில்வினைஞரும் படைவீரரும் அவர்களோடு சேரவில்லை. பூமியைப் பெறுவோர் எனப் பன்மையிலேயே வேதம் பேசுகின்றது.

சென் ஜோர்ஜ் குன்று இன்றும் இருக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பெருஞ்செல்வரின் மாளிகைகளுக்கான குடியிருப்பாக்கப்பட்டது. கோல்ப் மைதானமும் தெனிஸ் கழகமும் அங்கு உண்டு. வாயிலிற் காவல் உண்டு. அழைப்பில்லாதோர் உள்ளே செல்ல இயலாது. 1999 ஏப்ரலில், முந்நூற்றைம்பதாம் ஆண்டு நினைவாகச் சிலர் அங்கு நுழைந்து, கூடாரமடித்து, காய்கறி பயிரிட்டனர். நீதிமன்றத்தின் கட்டளையால் இரண்டு வாரங்களுக்குள் வெளியேறினர். அவர்கள் கொண்டுசென்ற நினைவுக்கல்லுக்குக் குன்றின்மேல் இடம் கிடைக்கவில்லை. அது இப்பொழுது வேபிரிட்ஜ் புகையிரத நிலையத்துக்கு அருகில், பாதையோரத்தில் நிற்கின்றது.